மருந்து கேட்காத நோய்கள்: எதிர்ப்பது யார், எப்படி, மாற்று என்ன?

முன்பு குணமாக்கிய ஒரு மருந்து இப்போது நோயைத் தணிக்காமல் போனால், "உடம்புக்கு அந்த மருந்து பழகிவிட்டது" என்று சொல்வது பொதுவான வழக்கம். படித்தவர்களும் அப்படிச் சொல்கிறார்கள், செய்திகளிலும் அப்படியே எழுதப்படுகிறது. மருந்து கேட்காத நோய்களைப் பற்றிய தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே கிளைக்கின்றன. பழகியது உடம்புதான் என்று நம்புகிறவர், தாம் மாத்திரைகளை அதிகம் எடுத்துக்கொண்டதில்லை என்பதால் தமக்கு இந்த ஆபத்து இல்லை என்று முடிவு செய்துகொள்வார். வீரியம் கூடிய மருந்து ஒன்றைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் நினைப்பார். இரண்டுமே சரியல்ல. காசநோய் மருந்தை ஒரு நாள்கூட உட்கொண்டிராத ஒருவருக்கு, முக்கிய மருந்துகள் எதற்கும் கட்டுப்படாத காசநோய் முதல் தொற்றாகவே வரக்கூடும்.

மருந்தை எதிர்ப்பது நோயாளியின் உடல் அல்ல. நோயை உண்டாக்கும் உயிர்களின் பெருங்கூட்டமே எதிர்க்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், கூட்டு மருந்துகள் ஏன் தரப்படுகின்றன, புதிய மருந்துகள் ஏன் அரிதாகிவிட்டன, ஆய்வாளர்கள் எந்தத் திசைகளில் தேடுகிறார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கும்.

## உடல் பழகுவது வேறு, கிருமி எதிர்ப்பது வேறு

உடல் மருந்துக்குப் பழகுவது என்ற ஒன்று இல்லாமலில்லை. மார்ஃபின் போன்ற வலி மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொள்பவரின் நரம்புச் செல்கள் அந்த மருந்துக்குக் காட்டும் எதிர்வினை குறைந்துகொண்டே போகும். அதே அளவு வலி தணிய, கூடுதல் மருந்து தேவைப்படும். அங்கே மருந்து செயல்படும் இடமே நம் செல்கள்தாம், ஆகவே மாறுவதும் நம் செல்கள்தாம்.

ஆன்டிபயாடிக் அப்படிப்பட்டதல்ல. பாக்டீரியா எனப்படும் ஒற்றைச் செல் உயிர்களைக் கொல்லும், அல்லது அவை பெருகாமல் தடுக்கும் மருந்துகளுக்கே அந்தப் பெயர். அவை பாக்டீரியாவிடம் இருந்து நம்மிடம் இல்லாத உறுப்புகளையோ, நம்மிடமிருந்து வேறுபட்ட உறுப்புகளையோ தாக்குகின்றன. பெனிசிலின் பாக்டீரியாவின் செல் சுவர் கட்டப்படுவதைக் கெடுக்கிறது. மனிதச் செல்லுக்குச் சுவரே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவுக்குள் புரதம் உருவாகும் இடத்தைத் தாக்குகிறது. சளி, காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்களுக்கு இவை இரண்டுமே கிடையாது. ஆகவே அந்தக் காய்ச்சலில் ஆன்டிபயாடிக் தாக்குவதற்கு எதுவும் இல்லை. ஆனால் நம் குடலிலும் தோலிலும் தொண்டையிலும் வாழும், நோயோடு தொடர்பில்லாத பாக்டீரியாக்கள் அத்தனையும் அந்த மருந்தைச் சந்திக்கின்றன. இந்தச் சந்திப்பின் விளைவு பின்னால் தெரியவரும்.

ஒரு கிருமி வகையை முன்பு அடக்கிய அளவு மருந்து சூழ்ந்திருக்கும்போதும் அது பெருகுமானால், அந்தத் திறனையே மருந்து எதிர்ப்பு என்கிறோம். அது கிருமியின் பண்பு என்பதால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி தொற்றும்போது எதிர்ப்பும் அதனுடன் சேர்ந்தே போகிறது.

## மருந்து ஒரு சல்லடை

பல அளவுள்ள மணிகள் கலந்து கிடக்கும் குவியலைச் சல்லடையில் இட்டுச் சலித்தால், சிறியவை விழுந்துவிடும், பெரியவை மட்டும் தங்கும். சல்லடை எந்த மணியையும் பெரிதாக்கவில்லை. பெரிய மணிகள் முன்பே அங்கு இருந்தன, சிறியவை நீங்கியதும் அவை மட்டும் கண்ணில் படுகின்றன. ஆன்டிபயாடிக் செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஒரு வேறுபாடு உண்டு, அதில்தான் முழு ஆபத்தும் அடங்கியிருக்கிறது: மணிகள் பெருகுவதில்லை, பாக்டீரியா பெருகும்.

பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரியும்போது தன் மரபுச் செய்தி முழுவதையும் படியெடுக்கிறது. அந்தச் செய்தியின் ஒவ்வொரு பகுதியும், அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு, மரபணு எனப்படும். படியெடுக்கும்போது அரிதாக நேரும் பிழையே சடுதிமாற்றம். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஏறத்தாழ ஆயிரம் பிரிதல்களுக்கு ஒரு பிழை என்ற அளவில் இது நேர்கிறது. ஆனால் தகுந்த சூழலில் இந்தப் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது, தொற்று ஒன்றில் கோடிக்கணக்கானவை இருக்கின்றன. எனவே அந்தக் கூட்டத்தில் எப்போதும் விதவிதமான பிழைகளைச் சுமந்தவை கலந்திருக்கும். பெரும்பாலான பிழைகளால் எந்தப் பயனும் இல்லை, சில தீமையானவை. எங்கோ ஒன்று, தற்செயலாக, ஒரு மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தைச் சற்றே மாற்றியிருக்கும். மருந்து இல்லாத வரை அதனால் அந்தப் பாக்டீரியாவுக்கு எந்த நன்மையும் இல்லை. மருந்து வந்ததும் மற்றவை மடிகின்றன. உணவும் இடமும் அந்த ஒன்றுக்கே உரியதாகிவிடுகின்றன. சில நாட்களில் அதன் வழித்தோன்றல்களே முழுக் கூட்டமாகிவிடுகின்றன.

மருந்தைக் கண்ட பிறகே பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறதா, மாறியவை முன்பே இருந்தனவா என்ற கேள்வி நீண்ட காலம் விவாதத்தில் இருந்தது. சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் 1943இல், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்துச் செய்த சோதனையில், எதிர்ப்புள்ளவை முன்பே தோன்றியிருக்கின்றன என்று கணக்கால் நிறுவினார்கள். 1952இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் இருவரும் அதைக் கண்ணால் காணும்படி செய்தார்கள். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டுகளின் மேல் வெல்வெட் துணியை மெல்ல ஒற்றி எடுத்து, அதே அமைப்பு மாறாமல் மருந்து கலந்த தட்டுகளில் பதித்தார்கள். எதிர்ப்புள்ள திட்டுகள் ஒவ்வொரு தட்டிலும் ஒரே இடத்தில் முளைத்தன. பிறகு மூலத்தட்டில் அந்த இடத்துக்குத் திரும்பிச் சென்று, மருந்தை ஒரு நொடியும் தொட்டிராத பாக்டீரியாவை எடுத்துப் பெருக்கி, எதிர்ப்பு அவற்றிடம் ஏற்கெனவே இருந்ததைக் காட்டினார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், துணியொன்றைக் கொண்டு இவ்வளவு ஆழமான கேள்விக்கு விடை கண்ட இந்தச் சோதனை, பள்ளிப் பாடங்களில் இடம்பெறத் தக்கது என்றே எண்ணுகிறேன்.

இதே நிகழ்வு படிப்படியாக எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2016இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய செவ்வகத் தட்டில் காட்டினார்கள். ஓரங்களில் மருந்தே இல்லை. நடுவை நோக்கிச் செல்லச் செல்ல மருந்தின் அளவு பத்துப் பத்து மடங்காகக் கூடியது. ஒவ்வோர் எல்லையிலும் பாக்டீரியா தேங்கி நின்றது, பின்னர் ஏதோ ஓரிடத்தில் புதிய சடுதிமாற்றம் பெற்ற ஒன்று எல்லையைக் கடந்து பரவியது. ஏறத்தாழ 11 நாட்களில், தொடக்கத்தில் அவற்றைக் கொல்லப் போதுமாயிருந்த அளவைப்போல ஆயிரம் மடங்கு மருந்திருந்த நடுப்பகுதியை அவை எட்டிவிட்டன.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: எதிர்ப்பை மருந்து உருவாக்குவதில்லை, தற்செயலாகத் தோன்றியதைத் தேர்ந்தெடுத்துப் பெருக விடுகிறது. மருந்து எங்கெல்லாம் செல்கிறதோ அங்கெல்லாம், தேவையின்றி உட்கொண்டவரின் குடலிலும்கூட, இந்தத் தேர்வு நடக்கிறது.

## தப்பிக்கும் வழிகள்

எதிர்ப்புள்ள பாக்டீரியா உண்மையில் என்னதான் செய்கிறது? வழிகள் பல, ஆனால் வகைகள் சில.

ஒன்று, மருந்தை உடைப்பது. செல்லுக்குள் வேதிமாற்றங்களை விரைவாக்கும் புரதத்துக்கு நொதி என்று பெயர். சில பாக்டீரியாக்களிடம் பெனிசிலின் மூலக்கூறின் வளையத்தைப் பிளந்துவிடும் நொதி இருக்கிறது. எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் இதை 1940இலேயே அறிவித்துவிட்டார்கள். பெனிசிலின் மருத்துவமனைகளை எட்டுவதற்கு முன்பே அதை அழிக்கும் நொதி அறியப்பட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொன்று, மருந்து பற்றும் இடத்தை மாற்றிவிடுவது. அந்த நொதியால் உடைக்க முடியாதபடி வடிவமைக்கப்பட்ட மெத்திசிலின் பயன்பாட்டுக்கு வந்து ஓரிரு ஆண்டுகளுக்குள், 1961இல், அதற்கும் அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா பிரிட்டனில் கண்டறியப்பட்டது. அது மருந்தை உடைக்கவில்லை. மெத்திசிலின் பற்ற முடியாத வேறொரு புரதத்தை வைத்துக்கொண்டு செல் சுவரைக் கட்டிக்கொண்டது.

மருந்தை உள்ளே விடாமல் வெளிச்சவ்வின் நுழைவாயில்களைக் குறைத்துக்கொள்பவையும் உண்டு. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களைக் கூடுதலாகச் செய்துகொள்பவையும் உண்டு. இந்தக் கடைசி வழி மற்றவற்றைவிடத் தொல்லையானது, ஏனென்றால் ஒரே இறைப்புப் புரதம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மருந்துகளை வெளியேற்றக்கூடியது.

## எதிர்ப்பு கைமாறுவது

சடுதிமாற்றம் மட்டுமே வழியாக இருந்திருந்தால் சிக்கல் இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது. 1950களில் ஜப்பானில் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா, ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காமல் போவதை மருத்துவர்கள் கண்டார்கள். தனித்தனியே பல சடுதிமாற்றங்கள் ஒரே பாக்டீரியாவில் ஒருசேர நேர்வது நடவாத காரியம். ஆராய்ந்தபோது, பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தொட்டு மரபணுத் தொகுப்பு ஒன்றைக் கைமாற்றிக்கொள்வது தெரியவந்தது. முதன்மை மரபுச் செய்தியிலிருந்து தனித்து, சிறு வளையமாகச் செல்லுக்குள் இருக்கும் இந்தத் தொகுப்பே பிளாஸ்மிட் எனப்படுகிறது. ஒரே பிளாஸ்மிடில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருக்க முடியும். அதைக் கொடுப்பதும் பெறுவதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தேவையின்றி உட்கொண்ட மாத்திரை நம் குடலிலுள்ள தீங்கற்ற பாக்டீரியாவைச் சலித்தெடுப்பது ஏன் கவலைக்குரியது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. தீங்கற்றது சேர்த்துவைத்த மரபணு, பின்னொரு நாள் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவிடம் போய்ச் சேரலாம். கொலிஸ்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒதுக்கிவைக்கப்பட்டு, வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கையிலெடுக்கப்படும் மருந்து அது. அதே மருந்து கால்நடைப் பண்ணைகளில் பெருமளவில் பயன்பட்டுவந்தது. 2015இல் சீனாவில், விலங்குகளிடமிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் எடுத்த பாக்டீரியாக்களில், கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத் தரும் மரபணு ஒன்று பிளாஸ்மிடில் அமர்ந்திருப்பது அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து தேடியபோது பல நாடுகளிலும் அது இருப்பது தெரிந்தது.

இத்தகைய மரபணுக்கள் மனிதன் மருந்து செய்யத் தொடங்கிய பிறகு வந்தவை என்று கருதுவதும் பிழை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்திருந்த மண்ணில், பெனிசிலின் வகை மருந்துகளுக்கும் டெட்ராசைக்கிளினுக்கும் வாங்கோமைசினுக்கும் எதிர்ப்புத் தரும் மரபணுக்கள் இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. நாம் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்குகளில் பல, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றியுள்ள பிறவற்றுக்கு எதிராகச் செய்துகொண்டவை. தாக்குதல் எவ்வளவு பழமையானதோ, தற்காப்பும் அவ்வளவு பழமையானது. நாம் புதிதாகச் சேர்த்தது அளவை மட்டுமே. மண்ணில் துளித்துளியாக இருந்ததை ஆலைகளில் டன் கணக்கில் உற்பத்தி செய்து, மனிதரிலும் விலங்கிலும் நீரிலும் பரப்பியிருக்கிறோம்.

## காசநோய் கற்றுக்கொடுத்தது

எதிர்ப்பை வெல்லும் வழியை மருத்துவ உலகம் முதலில் கற்றுக்கொண்டது காசநோயிடமிருந்துதான். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் ஆன்டிபயாடிக் அது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அதை முறையாகச் சோதித்து 1948இல் முடிவுகளை வெளியிட்டது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்திருந்தார்கள். பெரும் வெற்றியாகத் தோன்றிய இது நிலைக்கவில்லை. முதலில் தேறிய பலரின் உடல்நிலை சில மாதங்களில் மீண்டும் மோசமானது. அவர்களின் சளியில் இருந்த கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காதவையாக மாறியிருந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு சுருங்கிப்போயிருந்தது.

விடை எளிய கணக்கில் இருந்தது. காசநோய்க் கிருமிகளில் ஐசோனியசிட் என்ற மருந்துக்கு எதிர்ப்புள்ளது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்புள்ளது ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் நோய் குடைந்த ஒரு குழிக்குள் நூறு கோடிக் கிருமிகள்வரை இருக்கக்கூடும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்பும் கிருமிகள் முதல் நாளே அங்கே தயாராக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒருசேரத் தப்பும் கிருமிக்கான வாய்ப்பு, இரு எண்களையும் பெருக்கினால் வருவது: நூறு லட்சம் கோடியில் ஒன்று. நோயாளியின் உடலில் அத்தனை கிருமிகளே இல்லை. துளைகளின் வடிவம் வேறுவேறான சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒன்றில் தங்கியது அடுத்ததில் விழுந்துவிடும். கூட்டு மருந்துச் சிகிச்சையின் அடிப்படை இதுவே. ஒன்றைவிட இரண்டு வலிமையானது என்பதற்காக மட்டும் கூட்டுவதில்லை, ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றது பிடிக்கும் என்பதற்காகவே கூட்டுகிறோம்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். காசநோய்க்குச் சேர்த்துத் தரப்படும் நான்கு மருந்துகளில் ஒன்று மட்டும் கிடைக்கிறது, மற்றவை கிடைக்கவில்லை என்ற நிலையும், குமட்டல் தருவதை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் நோயாளி விழுங்கும் நிலையும், மருந்தே எடுத்துக்கொள்ளாததைவிடச் சில வகையில் ஆபத்தானவை. அவை மீண்டும் ஒற்றைச் சல்லடைக்குத் திரும்புவதற்குச் சமம். பல்மருந்து எதிர்ப்புக் காசநோய், அதாவது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத காசநோய், இப்படித்தான் படிப்படியாக உருவாகிப் பின்னர் காற்று வழியாக மற்றவர்களுக்குப் பரவியது. தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரியில், இன்னும் பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள் என்று 2006இல் வெளியான அறிக்கை உலகை அதிரவைத்தது. அவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் காசநோய்ச் சிகிச்சையே பெற்றதில்லை. எதிர்ப்புள்ள கிருமி நேராகவே அவர்களைத் தொற்றியிருந்தது.

அந்தக் காலத்தில் பல்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான சிகிச்சை 18 மாதம் முதல் 2 ஆண்டுவரை நீண்டது. பல மாதங்கள் ஊசி போட வேண்டும். அந்த ஊசி மருந்துகளால் பலர் கேட்கும் திறனை நிரந்தரமாக இழந்தார்கள். உயிர் பிழைப்பதற்கு ஒருவர் செவித்திறனைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அடுத்து வந்த மாற்றத்தின் அருமை புரியும். 2012 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாக்விலின், காசநோய்க் கிருமி தன் ஆற்றலை உற்பத்தி செய்யும் நொதியையே நிறுத்தும் புதுவகை மருந்து. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் அந்த நோய்க்குக் கிடைத்த புதிய வகை. 2019இல் பிரெட்டோமானிட் வந்தது. இவ்விரண்டுடன் லினசோலிட் சேர்த்துத் தென்னாப்பிரிக்காவில் 109 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேர் என்ற அளவில் நல்ல பலன் கிடைத்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், ஊசியே இல்லாத, ஆறு மாதத்தில் முடியும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. பெடாக்விலினுக்கும் எதிர்ப்பு தோன்றத் தொடங்கிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

## எதிர்ப்பில்லாமலே தப்புபவை

மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமல், உறங்குவதுபோல் வளர்ச்சியை நிறுத்திவிட்டு மருந்தைக் கடந்துவிடும் பாக்டீரியாக்களும் உண்டு. பெரும்பாலான மருந்துகள் வளரும் செல்லைத்தான் கொல்லும் என்பதால் இவை தப்புகின்றன. 1944இல் ஜோசப் பிக்கர் இவற்றை விவரித்தார். காசநோய்க்கு மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செயற்கை மூட்டுகளிலும், சிறுநீர் வெளியேறுவதற்காக நோயாளிக்குப் பொருத்தப்படும் குழாய்களிலும் பாக்டீரியாக்கள் பசைபோன்ற படலத்துக்குள் கூட்டமாக வாழும்போதும் இதே நிலைதான். ஆய்வகச் சோதனை "இந்த மருந்து கேட்கும்" என்று சொல்லியும் நோய் திரும்பத் திரும்ப வந்தால், காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்டதாக இருக்கலாம்.

## பாக்டீரியாவுக்கு அப்பால்

பெருகும் கூட்டமும் அதில் வேறுபாடும் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்த விதி பொருந்தும். எச்.ஐ.வி. வைரஸ் ஒற்றை மருந்தை விரைவில் மீறிவிட்டது. 1996 முதல் மூன்று மருந்துக் கூட்டுமுறை பரவிய பிறகே அந்த நோய் கட்டுக்குள் வந்தது. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று வலியுறுத்தப்படுவதும் இதனால்தான். புற்றுநோயும் அப்படியே. கட்டியிலுள்ள செல்கள் அனைத்தும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் வந்த இமாட்டினிப் அந்த நோயாளிகளின் வாழ்நாளையே மாற்றியமைத்தது. ஆனாலும் மருந்து பற்றும் இடத்தில் சடுதிமாற்றம் பெற்ற செல்கள் சிலரிடம் தலையெடுத்தன, அவற்றுக்கென்று அடுத்த தலைமுறை மருந்துகளைச் செய்ய வேண்டியதாயிற்று.

## புதிய மருந்துகள் ஏன் வருவதில்லை?

2019இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாத் தொற்றுகளின் நேரடி விளைவாக இறந்ததாக ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய தேவை இருந்தும் மருந்துப் பட்டியல் நீளவில்லை. இன்று பயன்பாட்டிலுள்ள வகைகளில் பெரும்பாலானவை 1940களிலிருந்து 1960கள்வரை கண்டறியப்பட்டவை.

அறிவியல் காரணம் ஒன்று உண்டு. மண் நுண்ணுயிர்களிடமிருந்து எளிதில் எடுக்கக்கூடியவற்றை எல்லாம் எடுத்தாகிவிட்டது, மீண்டும் தேடினால் பழையவையே கிடைக்கின்றன. மேலும், கிராம் நெகட்டிவ் எனப்படும் பாக்டீரியாக்களுக்கு இரட்டைச் சவ்வு இருக்கிறது. பல நல்ல மூலக்கூறுகள் அதைக் கடந்து உள்ளே செல்ல முடியாமலே தோற்றுவிடுகின்றன.

பொருளாதாரக் காரணம் அதைவிடக் கடினமானது. நீரிழிவு மருந்தை நோயாளி ஆயுள் முழுவதும் வாங்குகிறார், ஆன்டிபயாடிக்கை ஒரு வாரம் வாங்குகிறார். அதிலும் புதிய ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கூடுமானவரை பயன்படுத்தாமல் சேமித்து வைக்கவே வேண்டும், அதுதான் சரியான மருத்துவம். விற்காமல் இருப்பதே நல்லது என்ற பொருளை விற்று எந்த நிறுவனம் பிழைக்கும்? பிளாசோமைசின் என்ற புதிய மருந்து 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் கண்டுபிடித்து வளர்த்த நிறுவனம் 2019 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. இந்த முரணைத் தீர்க்க, எத்தனை மாத்திரை விற்றது என்று பாராமல் ஆண்டுதோறும் நிலையான தொகை தரும் முறையை இங்கிலாந்து 2022இல் இரண்டு மருந்துகளுக்குத் தொடங்கியது. தீயணைப்பு நிலையத்துக்குத் தீப்பிடித்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் ஊதியம் தருவதில்லை. இந்த மருந்துகளுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பதே என் கருத்து.

சுருங்கச் சொன்னால், புதிய மருந்தைக் கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்த பின் அதை உயிரோடு வைத்திருப்பது அதைவிடக் கடினம்.

## தேடலின் திசைகள்

பழைய மருந்தை மீட்பது முதல் திசை. கிளாவுலனிக் அமிலம் தனியாகப் பாக்டீரியாவைப் பெரிதாகக் கொல்வதில்லை. ஆனால் பெனிசிலினை உடைக்கும் நொதியில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்குகிறது. பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினுடன் சேர்த்து 1981இல் விற்பனைக்கு வந்த இந்தக் கூட்டு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இதே கொள்கையில் அவிபாக்டம் போன்ற புதிய தடுப்பான்கள் வந்திருக்கின்றன.

இதுவரை தொடாத இடங்களில் தேடுவது இன்னொன்று. மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. அவற்றை மண்ணிலேயே வைத்து, சிறு அறைகள் கொண்ட கருவிக்குள் வளர்த்து, டெய்க்சோபாக்டின் என்ற மூலக்கூறைக் கண்டறிந்ததாக 2015இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தினர், கணினிக்குப் பயிற்சி கொடுத்து ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்து ஹாலிசின் என்ற ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். இவை இரண்டும் பெரும் ஆர்வத்துடன் பேசப்பட்டன. ஆய்வகத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் மூலக்கூறுக்கும் நோயாளிக்குக் கொடுக்கத்தக்க மருந்துக்கும் இடையே பல ஆண்டுச் சோதனைகள் இருக்கின்றன என்பதை இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

மூன்றாவது, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டே சிகிச்சை செய்வது. ஃபேஜ் என்று பெயர்பெற்ற இவற்றை 1915இல் ஃப்ரெடரிக் ட்வோர்ட்டும், 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல்லும் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றும் இதற்கான முக்கிய மையமாக இருக்கிறது. ஒரு ஃபேஜ் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். அதனால் மற்ற நல்ல பாக்டீரியாக்கள் தப்புகின்றன, ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் பொருத்தமானதைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஃபேஜுக்கும் எதிர்ப்பு உருவாகும். ஆயினும் இங்கே ஓர் அழகான வாய்ப்பு இருக்கிறது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு ஃபேஜ், மருந்தை வெளியே இறைக்கும் புரதத்தையே பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது என்று 2016இல் காட்டப்பட்டது. ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமானால் பாக்டீரியா அந்தப் புரதத்தை மாற்றவோ இழக்கவோ வேண்டும். அப்படிச் செய்தால் பழைய ஆன்டிபயாடிக்குகள் அதற்கு மீண்டும் கேட்கத் தொடங்குகின்றன. எதிரியின் பரிணாமத்தை நமக்குச் சாதகமான பக்கம் திருப்பிவிடும் இந்த அணுகுமுறைதான், எல்லாத் திசைகளிலும் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

தடுப்பூசிகளை இந்த வரிசையில் பலரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். தொற்றே ஏற்படாவிட்டால் மருந்து தேவையில்லை, மருந்து இல்லாவிட்டால் தேர்வும் நடப்பதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தோன்றிய, ஏறத்தாழ எல்லா வழக்கமான மருந்துகளுக்கும் அடங்காத டைஃபாய்டு வேகமாகப் பரவியபோது, அந்த நாடு 2019இல் புதிய டைஃபாய்டு தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்திலேயே சேர்த்தது.

## மாத்திரைகளை எத்தனை நாள் எடுப்பது?

இந்தக் கேள்வியில் குழப்பம் அதிகம். "உடல் தேறினாலும் முழுவதையும் முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும்" என்ற அறிவுரை எல்லா நோய்களுக்கும் ஒன்றுபோல் சொல்லப்படுகிறது. காசநோய்க்கு அது முற்றிலும் உண்மை. இடையில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் உறங்கும் கிருமிகள் எழுந்துவிடும். ஆனால் சாதாரண நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்ற பலவற்றில், முன்பு வழக்கத்திலிருந்ததைவிடக் குறைந்த நாட்கள் போதும் என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் குடல் பாக்டீரியாக்களின் மேல் தேர்வும் நீள்கிறது. ஆகவே சரியான கால அளவு நோய்க்கு நோய் மாறும். அதை மருத்துவர் குறைத்து எழுதினால் அது அலட்சியம் அல்ல. நோயாளி தாமாக நிறுத்துவதும், மீந்ததை எடுத்துவைத்து அடுத்த காய்ச்சலுக்கு விழுங்குவதும் வேறு விஷயங்கள், அவை தவறானவை.

எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைவிட முன்னதாக எழும் கேள்வி, கிருமி எது, அது எதற்கு அடங்கும் என்பது. காசநோய்க் கிருமியைத் தட்டில் வளர்த்துச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மருத்துவர் ஊகத்தின் பேரில்தான் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. ரிஃபாம்பிசின் பற்றும் இடத்துக்கான மரபணுவை நேரடியாகப் படித்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010இல் அங்கீகரித்தது. தவறான மருந்தில் கழியும் வாரங்கள் நோயாளிக்கும் தீங்கு, அவர் அருகில் இருப்பவர்களுக்கும் தீங்கு. மற்ற தொற்றுகளுக்கும் இவ்வளவு விரைவான, மலிவான சோதனைகள் கிடைக்கும்போது, இன்று ஊகத்தின் பேரில் எழுதப்படும் பல மருந்துச் சீட்டுகள் எழுதப்பட வேண்டிய தேவையே இராது.